குடை நிதிக்கு முன்பணம் கட்டலாமா?

கேள்வி: நாகை மாவட்டக் கடலோரத்தில் பதினான்கு மகளிர் குழுக்கள் சேர்ந்த கூட்டமைப்பு ஒன்றை நடத்துகிறோம். கருவாடு உலர்த்தும் மேடை, ஐஸ் பெட்டி வண்டிகள், அலையாத்தி நாற்றங்கால் என்று 40 லட்ச ரூபாய்க்குத் திட்டம் எழுதி வைத்திருக்கிறோம். சென்னையிலிருந்து வந்த ஆலோசகர் ஒருவர், "உலக வங்கியில் சின்னச் சின்ன டிரஸ்ட் ஃபண்டுகளை எல்லாம் சேர்த்துக் குடை நிதியாக மாற்றுகிறார்கள், சேர்த்து முடிப்பதற்குள் பதிவு செய்துவிட வேண்டும்" என்கிறார். கோப்புச் செலவுக்கு 2 லட்சம், பணம் வந்தபின் 10 சதவீதம் கேட்கிறார். வெளிநாட்டுப் பணம் வாங்குவதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு தேவையில்லையாம், அவருடைய டிரஸ்ட் கணக்கு வழியாகவே வாங்கித் தருவாராம். நம்பலாமா? சின்ன நிதிகள் போய்விட்டால் எங்களைப் போன்றவர்களுக்கு வாய்ப்பும் போய்விடுமா?

பதில்: கட்டாதீர்கள் அம்மா. 2 லட்சம் மட்டுமல்ல, 200 ரூபாய்கூட. அவர் சொல்லும் "பதிவு" என்ற ஒன்று உலக வங்கியில் கிடையாது. உலக வங்கி எந்த மானியத்துக்கும் விண்ணப்பக் கட்டணமோ கோப்புச் செலவோ வாங்குவதில்லை. அப்படி யாராவது கேட்டாலே அது மோசடி என்று வங்கியே பல ஆண்டுகளாக எச்சரித்து வருகிறது.

அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்துத்தான் மீதியை விற்கிறார். அதனால் அந்த உண்மையையும் தெரிந்துகொள்ளுங்கள்.

டிரஸ்ட் ஃபண்ட் என்றதும் நம் ஊரில் பதிவு செய்கிற அறக்கட்டளைதான் நினைவுக்கு வரும். அது வேறு. கோயிலில் கட்டளை வைப்பார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. இன்ன நாளில் இன்ன பூஜைக்கு மட்டும் என்று ஒருவர் பணம் கொடுப்பார். கோயில் அதைத் தனிக் கணக்கில் வைத்து, அவர் சொன்ன காரியத்துக்கே செலவழிக்க வேண்டும். நார்வே, ஜப்பான், ஜெர்மனி போன்ற நாடுகள் உலக வங்கியிடம் அப்படிக் கொடுத்து வைக்கும் பணம்தான் டிரஸ்ட் ஃபண்ட். வங்கியின் சொந்தப் பணமில்லை. வங்கி கொடுக்கும் கடனும் இல்லை.

இந்தக் கட்டளைகள் அளவுக்கு மீறிப் பெருகின. உலக வங்கி ஒன்றிலேயே ஐந்நூறுக்கு மேல் போய்விட்டது. ஒவ்வொன்றுக்கும் தனி ஒப்பந்தம், தனி அறிக்கை, தனிக் கூட்டம். நான் கணக்குப் பார்த்த ஒரு திட்டத்தில், ஒரே அலையாத்தி நாற்றங்காலுக்கு மூன்று நிதியிலிருந்து பணம் வந்தது. ஒரு கொடையாளருக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை கணக்கு, இன்னொருவருக்கு ஏப்ரல் முதல் மார்ச், வங்கிக்கோ ஜூலை முதல் ஜூன். ஒரே நாற்று, ஒரே பாலித்தீன் பை, ஒரே கூலி. அதை மூன்று விதமாக வெட்டி மூன்று படிவத்தில் எழுதினோம். நாற்றங்காலைப் பார்க்கப் போக வேண்டிய பையன் மாதத்தில் பத்து நாள் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தான்.

வங்கியின் மதிப்பீட்டுப் பிரிவே 2011-ல் இதைச் சுட்டிக்காட்டி, உதிரி நிதிகளைக் குறைத்துச் சில பெரிய குடைகளின் கீழ் கொண்டுவரச் சொன்னது. அது முறையாக நடைமுறைக்கு வரத் தொடங்கவே ஏறக்குறைய பத்து ஆண்டுகள் ஆயின. தனித்தனிக் கட்டளைகளைச் சேர்த்துப் பொது அன்னதானக் கணக்காக ஆக்குவது போன்றதுதான் இந்தக் குடைத் திட்டம். கடல் தொடர்பாக 2018-ல் தொடங்கிய புரோபுளூ இப்படிப் பல நாடுகள் சேர்ந்து போட்ட ஒரு குடை. நல்ல சீர்திருத்தம்தான், எனக்கு அதில் சந்தேகமில்லை. ஆனால் அதில் வங்கிக்கும் கொடையாளருக்கும்தான் வேலை குறைந்திருக்கிறது. யாருக்குப் பணம், யார் கேட்கலாம் என்று நாகப்பட்டினத்தில் உட்கார்ந்து பார்க்கிறவருக்குப் புரியும்படி ஒரு பக்கம் தமிழில் போட இத்தனை ஆண்டுகளில் அவர்களுக்குத் தோன்றவில்லையே என்பதுதான் என் கோபம். அந்தப் பக்கம் இல்லாத இடத்தில்தான் உங்கள் ஆலோசகர் கடை விரிக்கிறார்.

சரி, சேர்ப்பதால் உங்கள் வாய்ப்பு போகுமா? போகாது. உங்களைப் போன்ற குழுக்கள் நேராகப் போய்க் கேட்கும் வாசல் அங்கே முன்பும் அபூர்வம்தான். டிரஸ்ட் ஃபண்ட் பணத்தில் ஒரு பகுதியை வங்கியே ஆய்வுக்கும் நிபுணர்களுக்கும் செலவழிக்கிறது. அதைக் கேட்டு எழுதுவது வங்கியின் சொந்த ஊழியர்கள். இன்னொரு பகுதி பெரும்பாலும் அரசுக்கு வருகிறது. நம் நாட்டில் அது டெல்லியில் நிதி அமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறை வழியாக நடக்கும் வேலை. மூன்றாவது வகையில் வங்கி வெறும் பணப்பெட்டிக் காவலர். பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க உலக நாடுகள் அமைத்த பசுமைப் பருவநிலை நிதியமும் தகவமைப்பு நிதியமும் இந்த வகை. யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வது அந்தந்த நிதியத்தின் குழு. மூன்றில் எதிலும் சென்னையில் இருக்கும் ஒருவர் முன்கூட்டி இடம் பிடித்து வைக்க முடியாது. 2021 டிசம்பரில் ஆப்கானிஸ்தான் டிரஸ்ட் ஃபண்டில் முடங்கிக் கிடந்த பணத்தில் 28 கோடி டாலரை யுனிசெஃபுக்கும் உலக உணவுத் திட்டத்துக்கும் திருப்பிவிட வேண்டியிருந்தது. அதற்கே பணம் கொடுத்த நாடுகள் கூடி ஒப்புதல் தர வேண்டியிருந்தது. வங்கியாலேயே தன்னிச்சையாகத் தொட முடியாத பணத்தை இவர் எப்படித் தொடுவார்?

அப்புறம் ஒன்று. கடலோரத்தில் உலக வங்கி என்று பெயர் கேட்டதெல்லாம் மானியம் என்று நினைத்துவிடாதீர்கள். சுனாமிக்குப் பிறகு 2005-ல் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் வந்த உலக வங்கிப் பணம் கடன். நாடு அதைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

எஃப்.சி.ஆர்.ஏ. விஷயத்துக்குக் கொஞ்சம் நிதானமாக வருகிறேன். பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம் 2010-ல் "வெளிநாட்டு மூலம்" என்றால் என்ன என்று சொல்லும் பிரிவிலேயே ஐ.நா.வும் அதன் சிறப்பு அமைப்புகளும், உலக வங்கியும், பன்னாட்டு நாணய நிதியமும், மத்திய அரசு அறிவிக்கும் வேறு சில அமைப்புகளும் விலக்கப்பட்டிருக்கின்றன. ஆக, உலக வங்கி உங்கள் கூட்டமைப்பின் கணக்குக்கு நேராகப் பணம் போட்டால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அந்தப் பணத்தை வங்கிக்கு முதலில் கொடுத்தது ஜப்பானாக இருந்தாலும் சரி. உங்கள் ஆலோசகர் சொன்னதில் இதுவரை சரி.

ஆனால் அந்த விலக்கு "நேராக" என்ற சொல்லோடு முடிந்துவிடுகிறது. அதே உலக வங்கிப் பணம் ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்துக்குப் போய், அவர்கள் உங்களுக்கு அனுப்பினால், உங்களுக்குக் கொடுப்பவர் வங்கி இல்லை, அந்த நிறுவனம். அது வெளிநாட்டுப் பங்களிப்பு. உங்களுக்கு எஃப்.சி.ஆர்.ஏ. பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவு செய்தவர்களும் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் பிரதான கிளையில் திறந்த கணக்கில்தான் அந்தப் பணத்தை வாங்க முடியும். ஜெர்மன் அரசு, உலக வங்கி வழியாக இல்லாமல், தானே நேரில் கொடுத்தாலும் அப்படித்தான். இப்போது இவர் சொல்லும் வழியைப் பாருங்கள். பணம் முதலில் அவருடைய டிரஸ்டுக்கு வந்து, அங்கிருந்து உங்களுக்கு வருமாம். அது வெளிநாட்டுப் பங்களிப்பாக இருந்தால், 2020 திருத்தத்துக்குப் பிறகு ஓர் அமைப்பு வாங்கியதை இன்னோர் அமைப்புக்கு மாற்றுவதே தடை. இரண்டு பக்கமும் பதிவு இருந்தாலும் தடைதான். மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு. விசாரணை வரும்போது ஆலோசகர் போனை எடுக்க மாட்டார். செயலாளர் என்று கையெழுத்துப் போட்ட நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். உலக வங்கிப் பணம் என்று சொல்லிவிட்டு யாராவது நடுவில் ஒரு கணக்கைக் காட்டினால், அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

இந்தத் தரகர்களை இருபது ஆண்டுகளாகப் பார்க்கிறேன். கையில் ஒரு தோல் பை, அதில் வண்ணத்தில் அச்சிட்ட கடிதம், மேலே உலக உருண்டைச் சின்னம். ஒருமுறை ஒரு கிராமத்தில் அந்தக் கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். அடியில் இருந்த மின்னஞ்சல் முகவரி ஜிமெயில்! உலக வங்கி ஊழியரின் முகவரி 'வேர்ல்டுபேங்க் டாட் ஆர்க்' என்றுதான் முடியும். அடுத்தமுறை இவர் வந்தால் இரண்டு எண்களை மட்டும் கேளுங்கள். வங்கித் திட்டங்களுக்கு 'பி' என்று தொடங்கி ஆறு இலக்க எண் இருக்கும். டிரஸ்ட் ஃபண்டுக்கு 'டி.எஃப்.' என்று தொடங்கும் எண் இருக்கும். திட்ட எண்ணை வங்கியின் இணையதளத்தில் கல்லூரியில் படிக்கும் உங்கள் வீட்டுப் பிள்ளையே ஐந்து நிமிடத்தில் தேடிப் பார்த்துவிடும். எண் சொல்ல மாட்டார், "மேலிடத்து ரகசியம்" என்பார். அவர் கொடுத்த காகிதங்களைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காவல் நிலையத்துக்கும், வங்கியின் நேர்மைப் பிரிவுக்குப் புகார் அனுப்பவும் அது உதவும். முன்பணம் ஏற்கெனவே கொடுத்திருந்தால் ரசீது கேளுங்கள், இன்றே.

உங்கள் திட்டம் நல்ல திட்டம். அதை இரண்டாகப் பிரியுங்கள். அலையாத்தி நாற்றங்காலை எடுத்துக்கொண்டு முதலில் நபார்டு வங்கியின் மாவட்ட வளர்ச்சி மேலாளரைப் பாருங்கள். நான் மேலே சொன்ன தகவமைப்பு நிதியத்துக்கும் பசுமைப் பருவநிலை நிதியத்துக்கும் இந்தியாவில் அங்கீகாரம் பெற்ற அமைப்பு நபார்டு. தகவமைப்பு நிதியத்தின் பணம் நபார்டு வழியாகத்தான் தமிழ்நாட்டு, ராஜஸ்தான் நீர்வடிப்பகுதிகளுக்கு வந்தது. உலகப் பணம் கிராமத்துக்கு வந்து சேர்ந்த உண்மையான வழி அது. தரகர் யாரும் அதில் வேண்டியதில்லை. வனச்சரக அலுவலகத்தில், கடலோரத்தை மீட்பதற்கான தமிழ்நாடு அரசின் நெய்தல் மீட்சி இயக்கம் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

ஐஸ் பெட்டி வண்டிக்கும் உலர்த்தும் மேடைக்கும் வாஷிங்டன் வரை போகவே வேண்டாம். மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் பிரதமரின் மீன்வள மேம்பாட்டுத் திட்டத்தில் இந்த ஆண்டு எதற்கெல்லாம் ஒதுக்கீடு இருக்கிறது என்று கேளுங்கள். அந்தத் திட்டத்தில் பெண்களுக்கு 60 சதவீதம் வரை மானியம். போகும்போது குழுத் தீர்மான நகல், பான் அட்டை, மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்று குறைந்தாலும் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள்.