கடல் கூட்டி வைத்த குப்பை

கேள்வி: பசிபிக் கடலில் இந்தியாவில் பாதி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் தீவு இருக்கிறதாமே? கடலே குப்பையை ஒரே இடத்தில் கூட்டி வைத்துவிட்டது. கப்பல்களை அனுப்பி அள்ளிவிட்டால் வேலை முடிந்ததே! – வாசகர், நாகர்கோவில்

பதில்: 'தீவு' என்ற அந்தச் சொல்லை முதலில் விட்டுவிடுங்கள். அதை நம்பியதால்தான் அள்ளுவது சுலபம் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. ஹவாய்க்கும் கலிபோர்னியாவுக்கும் நடுவே இருக்கும் அந்த இடத்தில் கப்பலில் போனால், பெரும்பாலும் நீலத் தண்ணீர்தான் கண்ணில் படும். 2018-இல் வெளியான ஓர் ஆய்வின் கணக்குப்படி, 16 லட்சம் சதுர கிலோமீட்டரில் சுமார் 79,000 டன் பிளாஸ்டிக் மிதக்கிறது. வகுத்துப் பாருங்கள்: சதுர கிலோமீட்டருக்கு 50 கிலோ. இரண்டு சிப்பம் அரிசியை அவ்வளவு பரப்பில் இறைத்துவிட்டுப் பொறுக்கச் சொன்னால் என்ன செய்வீர்கள்?

சரி, அது ஏன் அங்கே போய்ச் சேருகிறது? அந்த இடத்துக்குத் தெற்கே வியாபாரக் காற்று கிழக்கிலிருந்து வீசுகிறது. வடக்கே மேலைக்காற்று மேற்கிலிருந்து வீசுகிறது. பூமி சுழல்வதால், வட கோளத்தில் மேல்மட்ட நீர் காற்றோடு நேராகப் போகாமல் வலப்பக்கம் ஒதுங்கும். துருவக் கடலில் பனிக்கட்டிகள் இப்படி ஒதுங்கி மிதந்ததை நார்வே நாட்டுத் துருவ ஆய்வாளர் நான்சென் கவனித்துச் சொன்னார். அதன் காரணத்தை 1905-இல் சுவீடன் நாட்டுக் கடலியல் விஞ்ஞானி எக்மன் கணக்குப் போட்டுக் காட்டினார். ஆக, இரண்டு பக்கத்து நீரும் நடுவுக்கு வருகிறது. வந்த நீர் மெல்லக் கீழே இறங்கிவிடும். மிதக்கிற பிளாஸ்டிக் எப்படி இறங்கும்? மேலேயே தங்கிவிடுகிறது. இப்படிப்பட்ட பெருஞ்சுழல்கள் உலகில் ஐந்து. ஒன்று நம் இந்தியப் பெருங்கடலின் தென்பாதியில் இருக்கிறது.

அங்குள்ள எடையில் 46 சதவீதம் மீன்பிடி வலைகள். ஆமையையும் திமிங்கலத்தையும் சுற்றி இறுக்கும் அவற்றை இழுத்து எடுப்பது நல்ல காரியம், எடுக்கத்தான் வேண்டும். ஆனால் எண்ணிக்கையில் 94 சதவீதம் அரை சென்டிமீட்டருக்கும் சிறிய துணுக்குகள். அவற்றை அள்ளப் பொடிக்கண் வலை வேண்டும். குமிழிகளால் மிதவை கட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கும் ஊதா நத்தை, காற்றைப் பிடிக்கப் பாய் விரித்த நீல வெலெல்லா போன்ற மிதக்கும் உயிர்களும் அங்கேதான் வாழ்கின்றன. பிளாஸ்டிக்கைக் கூட்டும் அதே நீரோட்டம்தான் அவற்றையும் கூட்டுகிறது. நீங்கள் சொல்லும் கப்பல் வலை போட்டால், துணுக்குகளோடு அவையும் சேர்ந்துதான் மேலே வரும்.