ஆறாயிரம் டாலரை யாரிடம் கொடுப்பது?

கேள்வி: அமெரிக்காவில், அட்லாண்டாவுக்கு வடக்கே ஆல்ஃபரெட்டாவில் வசிக்கிறோம். 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ்காரரால் கொல்லப்பட்டபோது, கறுப்பினத்தவர் நடத்தும் அமைப்புகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நானும் கணவரும் பேசினோம். பேச்சோடு நின்றுவிட்டது. இந்த ஆண்டு 6,000 டாலர் ஒதுக்கியிருக்கிறோம். என் அலுவலகமும் அதே அளவு சேர்த்துத் தரும். அட்லாண்டா நகரின் தென்மேற்குப் பகுதியில் ஓய்வுபெற்ற கறுப்பின ஆசிரியை ஒருவர் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறார், சாப்பாடும் போடுகிறார். அவரிடம் அச்சிட்ட ஆண்டறிக்கைகூட இல்லை. பெரிய அமைப்புகளிடம் எல்லாம் இருக்கிறது. இவரை நம்பிக் கொடுக்கலாமா? இனம் பார்த்துக் கொடுத்தால் வழக்கு வரும் என்கிறார் ஒரு நண்பர். "நம் ஊரில் இல்லாத ஏழைகளா?" என்கிறார் மாமியார். கறுப்பினத்தவர் கடைகளைத் தேடிப் போய் வாங்க வேண்டும் என்கிறாள் கல்லூரியில் படிக்கும் மகள். அது பரிதாபப்பட்டு வாங்குவதாகிவிடாதா?

— வாசகி, ஆல்ஃபரெட்டா, ஜார்ஜியா

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த ஆசிரியையிடமே கொடுங்கள். ஒரு முறை கொடுத்துவிட்டு ஒதுங்காமல், மூன்று ஆண்டுகளுக்கு இவ்வளவு தருவோம் என்று எழுதிக் கொடுங்கள். எதற்குச் செலவழிக்க வேண்டும் என்பதை அவரே முடிவுசெய்யட்டும்.

ஆண்டறிக்கை இல்லை என்று தயங்குகிறீர்கள். வழவழப்பான தாளில் படங்களோடு ஓர் அறிக்கை வருவதற்கு அதை எழுத ஓர் ஆள் வேண்டும், வடிவமைக்க ஓர் ஆள் வேண்டும், இருவருக்கும் சம்பளம் வேண்டும். பணம் உள்ள அமைப்பு அறிக்கை போடுகிறது, அறிக்கையைப் பார்த்து மேலும் பணம் வருகிறது. பணம் இல்லாத அமைப்பு இந்தச் சுற்றுக்குள் நுழையவே முடிவதில்லை. இது என் ஊகம் இல்லை. தொண்டு நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் பிரிட்ஜ்ஸ்பான் குழுமமும், புதிதாகத் தொண்டு தொடங்குகிறவர்களுக்கு உதவும் எக்கோயிங் கிரீன் என்ற அமைப்பும் சேர்ந்து 2020இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. எக்கோயிங் கிரீனின் உதவித்தொகைக்கு விண்ணப்பித்த அமைப்புகளில், கறுப்பினத்தவர் தலைமையில் இயங்கியவற்றின் வருமானம் வெள்ளையர் தலைமையில் இயங்கியவற்றைவிட 24 சதவீதம் குறைவாக இருந்தது. என்னை உலுக்கியது அடுத்த எண். எந்த நிபந்தனையும் இல்லாமல் கையில் இருக்கும் நிகர சொத்து 76 சதவீதம் குறைவு. ஒரே வகைப் பணிக்குக் கொடுக்கும்போதுகூட, கறுப்பினத் தலைவருக்கு "இதற்கு மட்டும் செலவிடு" என்று விரலைப் பிடித்துக்கொண்டும், மற்றவருக்கு "உங்களுக்குத் தெரியும், பார்த்துச் செய்யுங்கள்" என்று சொல்லியும் கொடுத்திருக்கிறார்கள். அந்த 76 சதவீதம் நம்பிக்கையில் விழுந்த பள்ளம் என்றே நான் நினைக்கிறேன்.

நிபந்தனையில்லாத பணம் ஏன் முக்கியம் என்று கேட்கலாம். பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கத் தருவோம், மின்கட்டணத்துக்குத் தரமாட்டோம் என்பதே பெரும்பாலான நன்கொடையாளர்களின் மனநிலை. ஆசிரியையின் வகுப்பறையில் விளக்கு எரியாவிட்டால் அந்த நோட்டுப் புத்தகத்தில் யார் எழுதுவது? அவர் சம்பளம் வாங்குகிறாரா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. வாங்கவில்லை என்றால் அதைப் பெருமையாக எண்ணாதீர்கள், அது ஆபத்து. அவருக்கு உடல் முடியாமல் போகும் நாளில் வகுப்பும் நின்றுபோகும். உங்கள் பணத்தில் அவர் ஓர் உதவியாளரை அமர்த்தினால், "பிள்ளைகளுக்குப் போக வேண்டியது சம்பளத்துக்குப் போகிறதே" என்று முகம் சுளிக்க வேண்டாம். அந்த வேலை தொடர்வதற்கு அதைவிட நல்ல செலவு கிடையாது.

கண்ணை மூடிக்கொண்டு கொடுங்கள் என்று சொல்லவில்லை. அமெரிக்க வருமான வரித்துறையின் இணையதளத்தில் வரிவிலக்குப் பெற்ற அமைப்புகளைத் தேடும் வசதி இருக்கிறது. அவருடைய அமைப்பு 501(சி)(3) என்ற அந்த வரிவிலக்குத் தகுதி பெற்றதா என்று பாருங்கள். ஆண்டுக்குச் சுமார் 50,000 டாலருக்குள் வருமானம் உள்ள அமைப்புகள் 990-என் என்ற மிகச் சிறிய மின்படிவத்தைத் தாக்கல் செய்தாலே போதும், அதில் வரவுசெலவு விவரம் இருக்காது. ஆகவே, தேடிப் பார்த்துக் கணக்கு எதுவும் கிடைக்கவில்லை என்பதால் அவர் எதையோ மறைக்கிறார் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சட்டம் அவரிடம் கேட்டதே அவ்வளவுதான். தகுதி இன்னும் பெறவில்லை என்றால், வரிவிலக்குப் பெற்ற வேறோர் அமைப்பின் நிதிப் பொறுப்பின் கீழ் அவர் இயங்கக்கூடும். சிறிய குழுக்கள் பல அப்படித்தான் இயங்குகின்றன. அப்போது காசோலை அந்தப் பெரிய அமைப்பின் பெயருக்குப் போகும்.

பிறகு நேரில் போங்கள். ஆய்வு செய்ய வந்த அதிகாரியைப் போலப் போகாமல், வகுப்பு நடக்கும் மாலையில் போய் ஓரமாக உட்காருங்கள். கணக்கை யார் எழுதுகிறார், காசோலையில் எத்தனை பேர் கையெழுத்திடுகிறார்கள், இன்னும் எத்தனை மாத வாடகைக்குக் கையில் பணம் இருக்கிறது என்று கேளுங்கள். இவற்றை ஒளிவுமறைவின்றிக் கேட்பது மரியாதைக் குறைவாகாது. பணம் இல்லாததால் தள்ளிப்போட்டிருக்கும் வேலை எது என்றும் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு வரும் பதிலில் அவரைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும். உங்களுக்கென்று தனியாக அறிக்கை எழுதச் சொல்லாதீர்கள். வேறு யாருக்காவது எழுதியிருந்தால் அதன் நகல் போதும். நீங்களும் கணவரும் கணினித் துறையில் இருப்பவர்களாக இருக்கலாம். அவர் கேட்காமல் "உங்களுக்கு ஓர் இணையதளம் செய்து தருகிறோம்" என்று தொடங்கிவிடாதீர்கள். அதைப் பராமரிக்கும் சுமையும் அவர் தலையில்தான் விழும்.

பெரிய அமைப்புகள் வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. கறுப்பின மக்களின் உரிமைக்காக வழக்காட, வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் 1940இல் தொடங்கிய சட்டப் பாதுகாப்பு நிதியம் நீதிமன்றங்களில் செய்ததை எந்த மாலை வகுப்பும் செய்ய முடியாது. ஆனால் உங்கள் 6,000 டாலர் அங்கே ஒரு துளி. ஆசிரியைக்கு அது ஓராண்டின் கவலையைக் குறைக்கும் தொகை.

இனி உங்கள் மாமியாரின் கேள்வி. அதை அலட்சியம் செய்ய மாட்டேன். ஊர்ப் பள்ளிக்குக் கொடுப்பதை நிறுத்தச் சொல்லவும் மாட்டேன். ஆனால் அட்லாண்டாவின் கறுப்பின மக்களை வெறும் ஏழைகள் என்று எண்ணுவதுதான் பிழை. அவர்கள் சேர்த்தது திரும்பத் திரும்பப் பறிபோயிருக்கிறது. விடுதலை பெற்ற அடிமைகளுக்காக ஒரு சேமிப்பு வங்கியைத் தொடங்கும் சட்டத்தில் லிங்கன் 1865 மார்ச் மாதம் கையெழுத்திட்டார். அரசாங்கமே பொறுப்பு என்று நம்பி, துணி வெளுத்தவர்களும் போர் வீரர்களும் சிறுகச் சிறுகக் கட்டினார்கள். நிர்வாகக் குழுவினர் அந்தப் பணத்தை ஊக வணிகத்துக்குக் கடன் கொடுத்தார்கள். 1874இல் வங்கி மூடப்பட்டபோது சுமார் 61,000 பேரின் ஏறத்தாழ 30 லட்சம் டாலர் அதில் மாட்டிக்கொண்டது. கடைசி மாதங்களில் தலைவராக அமர்த்தப்பட்ட, அடிமைமுறையை எதிர்த்துப் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸ் தன் சொந்தப் பணம் 10,000 டாலரைப் போட்டும் வங்கி எழவில்லை. 1921இல் ஓக்லஹோமாவின் டல்சா நகரில் கிரீன்வுட் என்ற செழிப்பான கறுப்பினக் கடைவீதியை வெள்ளையர் கும்பல் எரித்தது. 35 தெருக்கட்டங்கள் சாம்பலாயின. கலவரத்தில் ஏற்பட்ட சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று காப்பீட்டு நிறுவனங்கள் கைவிரித்தன. 1930களில் அரசாங்க முகமையே கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளை வரைபடத்தில் சிவப்பு நிறத்தால் குறித்தது, அங்கே வீட்டுக் கடன் கிடைப்பது அரிதானது. அட்லாண்டாவுக்கும் அப்படி ஒரு வரைபடம் உண்டு.

இந்தப் பழைய கதை இன்றைய கடைக்கும் அமைப்புக்கும் எப்படி வந்து சேர்கிறது? தொழிலோ தொண்டோ தொடங்குகிறவர் முதலில் எங்கே போகிறார்? சொந்த வீட்டை அடகு வைக்கிறார், அண்ணனிடம் கேட்கிறார், மாமாவிடம் கேட்கிறார். தாத்தா காலத்தில் வீடு வாங்க விடாமல் செய்யப்பட்ட குடும்பத்தில் அடகு வைக்க வீடும் இல்லை, கொடுக்க மாமாவிடம் பணமும் இல்லை. 2020இல் கொரோனா வந்தபோது இது அப்பட்டமாகத் தெரிந்தது. பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் அமெரிக்காவில் தொழில் நடத்திவந்த கறுப்பினத்தவரின் எண்ணிக்கை 41 சதவீதம் சரிந்தது. வெள்ளையரிடையே சரிவு 17 சதவீதம். அரசாங்கத்தின் நிவாரணக் கடன் வங்கிகள் வழியாகக் கொடுக்கப்பட்டது, வங்கியோடு ஏற்கெனவே கடன் உறவு வைத்திருந்தவர்களின் விண்ணப்பங்கள் முதலில் நகர்ந்தன.

மாமியாரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். 1965க்கு முன் இந்தியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேற ஆண்டுக்கு 100 பேருக்குத்தான் ஒதுக்கீடு. நாடு பார்த்து வடிகட்டிய அந்த முறையை ஒழித்த குடியேற்றச் சட்டம், கறுப்பின மக்களின் சம உரிமைக்கான குடிமை உரிமைப் போராட்டம் அந்த நாட்டின் மனச்சாட்சியை அசைத்த அதே ஆண்டுகளில், 1964இன் குடிமை உரிமைச் சட்டத்தையும் 1965இன் வாக்குரிமைச் சட்டத்தையும் அடுத்து வந்தது. தெருவில் அடிபட்டவர்கள் கறுப்பின மக்கள். திறந்த கதவு வழியாக நாமும் உள்ளே வந்தோம். உங்கள் குடும்பம் ஆல்ஃபரெட்டாவில் இருப்பதற்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது.

அந்தப் போராட்டத்துக்கும் பணம் முழுவதும் வெளியிலிருந்தே வந்ததாக நினைத்துவிட வேண்டாம். அலபாமாவின் மான்ட்கோமரியில் கறுப்பின மக்கள் இனப் பாகுபாட்டை எதிர்த்து 381 நாட்கள் பஸ்ஸைப் புறக்கணித்தபோது, ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண்மணி மற்ற பெண்களைச் சேர்த்துக்கொண்டு சாப்பாடும் கேக்கும் விற்றுப் பணம் திரட்டினார். மக்களை வேலைக்கு ஏற்றிச் சென்ற கார்களின் பெட்ரோலுக்கு அந்தப் பணம் உதவியது. குழுவின் பெயர் 'எங்கிருந்தும் வராதோர் சங்கம்'. பணம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் 'எங்கிருந்தும் இல்லை' என்று உண்மையாகவே சொல்லலாம், கொடுத்தவர்களுக்கு வேலை போகாது. 1956இல் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னதற்காக அவருக்கே வேலை போயிற்று. தன் வீட்டுச் சமையலறையிலிருந்து தொழில் நடத்தினார், அங்கே வந்து சாப்பிட்டவர்களில் மார்ட்டின் லூதர் கிங்கும் ஒருவர். தொண்டும் தொழிலும் அந்த அம்மையாரிடம் ஒரே அடுப்பில் வெந்தன. உங்கள் ஆசிரியை அந்த வழியில் வருபவர். அவர் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறார், நீங்கள் கூடச் சேர்கிறீர்கள்.

மகளின் யோசனையும் சரிதான், உங்கள் தயக்கத்திலும் நியாயம் உண்டு. தேவையில்லாத பொருளை ஒரு முறை வாங்கிப் படம் எடுத்துப் போடுவது பரிதாபம்தான். உங்களுக்கு உண்மையிலேயே வேண்டியதை மாதாமாதம் அதே இடத்தில் வாங்குவது வியாபாரம், அவர்கள் கேட்பதும் அதைத்தான். பேரம் பேசாதீர்கள். தரம் குறைந்தால் வேறு கடையில் சொல்வதுபோலவே சொல்லுங்கள். கடையைவிடப் பெரிய வாய்ப்பு ஒன்றும் இருக்கிறது. பொங்கல் விழாவுக்கு ஒலிபெருக்கி, மேசை நாற்காலி, அச்சு வேலை, புகைப்படக்காரர் என்று உங்கள் பகுதித் தமிழ்ச் சங்கமே ஆண்டுதோறும் செலவு செய்யும். விலை கேட்கும் பட்டியலில் கறுப்பினத்தவரின் நிறுவனங்களும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். வேலை முடிந்த அன்றே பணத்தைக் கொடுத்துவிடுங்கள். 60 நாள், 90 நாள் கழித்துப் பணம் வருவதைத் தாங்கும் கையிருப்பு சிறு தொழிலுக்குக் கிடையாது. உங்கள் அலுவலகத்தில் கொள்முதலோடு தொடர்பு இருந்தால் அங்கேயும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

ஒரு ரூபாய்கூடக் கொடுக்காமல் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கிறது. அட்லாண்டாவிலேயே 1921இல் கறுப்பின மக்கள் தொடங்கிய சிட்டிசன்ஸ் டிரஸ்ட் வங்கி இன்றும் இயங்குகிறது. உங்கள் சேமிப்பில் ஒரு பகுதியை அங்கே வைத்தால், மற்ற வங்கிகளைப் போலவே 2,50,000 டாலர் வரை மத்திய அரசின் வைப்புக் காப்பீடு உண்டு. வைப்புப் பணம்தான் கடனாக மாறுகிறது. 2020இல் நெட்ஃபிளிக்ஸ் மிசிசிப்பியின் ஹோப் கடன் சங்கத்தில் 1 கோடி டாலரை வைத்ததும் இந்த எண்ணத்தில்தான்.

வழக்கைப் பற்றி நண்பர் சொன்னது பாதி சரி. அட்லாண்டாவைச் சேர்ந்த ஃபியர்லெஸ் ஃபண்ட் என்ற முதலீட்டு நிறுவனம், கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கு 20,000 டாலர் வழங்கும் போட்டியை நடத்தியது. இனம் பார்த்துத் தரும் சலுகைகளை எதிர்த்து வழக்காடிவரும் எட்வர்ட் ப்ளம் தலைமையிலான அமைப்பு 2023இல் வழக்குப் போட்டது. அடிமைத்தளையிலிருந்து மீண்டவர்களுக்கு ஒப்பந்த உரிமை தருவதற்காக 1866இல் இயற்றிய சட்டத்தையே அந்தப் போட்டிக்கு எதிராக எடுத்து வைத்தார்கள். 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்குத் தொடுத்தவர் பக்கம் சாய்ந்தது, செப்டம்பரில் சமரசம் ஏற்பட்டு அந்தத் திட்டம் மூடப்பட்டது. எனக்கு இது மிகுந்த வேதனை தந்த தீர்ப்பு. ஆனால் அந்த வழக்கு, விதிமுறைகளோடு அறிவிக்கப்பட்ட போட்டி ஓர் ஒப்பந்தமாகிறது என்ற வாதத்தில் நின்றது. நீங்கள் விரும்பி ஒரு வரிவிலக்கு அமைப்புக்குக் கொடுக்கும் நன்கொடை அந்த வகையில் சேராது. நாளை நீங்களே ஓர் உதவித்தொகைத் திட்டம் தொடங்கினால் மட்டும் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

முதல் தவணையை இப்போதே கொடுத்துவிடுங்கள். டிசம்பரில் எல்லோரும் கொடுப்பார்கள், வாடகையோ மாதந்தோறும் வருகிறது. கொடுத்த கையோடு அலுவலகத்தின் இணைத்தொகைக்கு விண்ணப்பியுங்கள். பல நிறுவனங்கள் அதற்குக் கடைசித் தேதி வைத்திருக்கின்றன, நன்கொடை பெறும் அமைப்பின் பதிவையும் ஒப்புதலையும் கேட்கும். அந்தப் பதிவை ஆசிரியை இதுவரை செய்திருக்காவிட்டால், ஒரு மாலை அவர் பக்கத்தில் உட்கார்ந்து படிவத்தை நிரப்ப உதவட்டுமா என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் 6,000 டாலர் 12,000 ஆவது அதில்தான் இருக்கிறது.