உயிரியல் படித்த மகள் தொல்லியல் கேட்கிறாள்

அன்புள்ள ஐயாவுக்கு, வணக்கம்.

பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் எடுத்து நல்ல மதிப்பெண் வாங்கிய மகள், மருத்துவம் வேண்டாம், தொல்லியல்தான் படிப்பேன் என்று நிற்பதாகவும், இரண்டு வருட உழைப்பு வீணாகிவிடுமோ என்று நீங்கள் கலங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த உழைப்பு வீணாகாது என்பதற்கு, போலந்தின் தொல்லியலாளர் யூசெஃப் கோஸ்ட்ஷெவ்ஸ்கியின் வாழ்க்கையைச் சொல்ல விரும்புகிறேன்.

1885இல், அன்று ஜெர்மனியின் பகுதியான பிரஷ்யாவின் ஆட்சியில் இருந்த போஸ்னான் பகுதியில் பிறந்த அவரும் முதலில் மருத்துவம் படிக்கத்தான் சேர்ந்தார். அதை விட்டு, கிராக்கோவிலும் பிறகு பெர்லினிலும் தொல்லியல் பயின்று, 1914இல் முனைவர் பட்டம் பெற்றார். 1919இல் போஸ்னான் பல்கலைக்கழகத்தை நிறுவியவர்களில் ஒருவராக இருந்து, அங்கேயே பேராசிரியரானார். எனினும், அவருக்குப் பெரும்புகழ் தேடித்தந்த, போலந்தின் பிஸ்குபின் என்ற ஏரிக்கரை ஊரில் நடந்த அகழாய்வு 1934இல், அவருடைய 49ஆம் வயதில்தான் தொடங்கியது. இந்தத் துறையில் பலன் கனியக் காலம் பிடிக்கும், வேலையிடங்களும் குறைவு. இதை உங்களிடம் மறைப்பது சரியாகாது.

1933இல், பிஸ்குபின் ஏரிக்கரையில் நீருக்கு மேல் மரக்கட்டைகள் நீட்டிக்கொண்டிருப்பதை அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் கவனித்துத் தெரிவித்தார். தோண்டத் தோண்ட, ஈரச் சேற்றுக்குள் அழுகாமல் கிடந்த ஓக், பைன் கட்டைகளும், கட்டை பாவிய தெருக்களும், அவற்றின் ஓரமாக நெருங்கி நின்ற நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளின் அடித்தளங்களும் வெளிப்பட்டன. காற்றுப் பட்டவுடன் சிதையத் தொடங்கும் அந்த மரங்களைப் படிக்கத் தாவரவியல் அறிந்தவர்களும் தேவைப்பட்டார்கள். அந்த ஓக் மரங்களில் பெரும்பகுதி கி.மு. 738-737 குளிர்காலத்தில் வெட்டப்பட்டவை என்று பிற்காலத்தில் கண்டறிந்தது, மரத்தின் ஆண்டு வளையங்களின் அகல வரிசையை, காலம் தெரிந்த மரங்களின் வளையங்களோடு ஒப்பிட்டுத்தான். உங்கள் மகள் படித்த உயிரியலுக்கு அங்கே வேலை இருக்கிறது.

மகளுக்கும் ஒரு சொல். அந்தக் குடியிருப்பு, போலந்து மக்களும் அடங்கிய ஸ்லாவிய இனத்தாரின் முன்னோர் கட்டியது என்று கோஸ்ட்ஷெவ்ஸ்கி ஆணித்தரமாக வாதிட்டார். நிலத்தின் உரிமை யாருக்கு என்று ஜெர்மானிய அறிஞர்களோடு வழக்காடிய காலம் அது. இரண்டாம் உலகப் போரின்போது அவர் மாற்றுப் பெயர்களில் தலைமறைவாக வாழ வேண்டியும் வந்தது. அந்த வாதத்தை இன்று பெரும்பாலோர் ஏற்பதில்லை. ஆனால் அவர் குழுவினர் பொறுமையாகப் பதிவுசெய்த குறிப்புகள் இன்றும் பயன்படுகின்றன. விருப்பமான முடிவைவிடப் பதிவு முக்கியம் என்பதை ஏற்கும் மனம் இருந்தால்தான் இந்தப் படிப்பு அவளுக்கு ஒத்துவரும்.

ஆகவே, இளங்கலையில் தாவரவியலோ நிலவியலோ படிக்கட்டும். அதன்பின் புணே டெக்கான் கல்லூரி போன்ற இடத்தில் தொல்லியல் முதுகலையில் சேரலாம். இடையில் மனம் மாறினாலும் அறிவியல் பட்டம் கையில் இருக்கும். அதற்கு முன், அகழாய்வு நடக்கும் ஓர் இடத்துக்கு நீங்களே அவளை அழைத்துச் செல்லுங்கள். வெயிலில் குழிக்குள் குனிந்து மண் சுரண்டுபவர்களிடம் அவள் ஒரு நாள் முழுக்கப் பேசட்டும். பிறகு இருவரும் சேர்ந்து என்னைப் பார்க்க வாருங்கள்.