பெலாஞ்சருக்குக் கிடைத்தது சலுகையா?

கேள்வி: பால்டிமோர் ஓரியோல்ஸ் பேஸ்பால் அணியின் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையே நிற்கும் ஃபீல்டர்) மார்க் பெலாஞ்சரின் பேட்டிங் சராசரி வெறும் .228, அதாவது ஆயிரம் வாய்ப்புக்கு 228 ஹிட். 18 சீசன்களில் அவர் அடித்த ஹோம் ரன்கள் 20. அடிக்கவே தெரியாதவருக்கு இத்தனை காலம் இடம் கொடுத்தது மேனேஜர் எர்ல் வீவர் காட்டிய சலுகைதானே?

பதில்: வீவரைப் பற்றிச் சொல்ல எத்தனையோ உண்டு, சலுகை காட்டுபவர் என்று மட்டும் எவரும் சொன்னதில்லை. பெலாஞ்சர் மோசமான பேட்ஸ்மேன் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் எண்ணை எடுத்த நீங்கள் அதன் காலத்தை விட்டுவிட்டீர்கள். அணியின் முந்தைய ஷார்ட்ஸ்டாப் லூயிஸ் அபாரிசியோ சிகாகோவுக்குத் திரும்பியபின் பெலாஞ்சர் நிலையான இடம் பெற்ற 1968இல் ஓரியோல்ஸ் ஆடிய அமெரிக்கன் லீக் முழுவதன் சராசரியே .230தான், அந்த லீக்கில் முதலிடம் பிடித்த கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி எட்டியது .301. பேட்ஸ்மேன்களுக்கு உதவியாகப் பந்து வீசும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகத் தாழ்த்திய அடுத்த ஆண்டில் பெலாஞ்சர் .287 அடித்தார். அந்தச் சராசரியை அவர் மறுபடி தொடவில்லை என்பதும் உண்மை.

அவருடைய கூலி வேறு வேலைக்கானது. வலக்கை பேட்ஸ்மேன்கள் இழுத்தடிக்கும் பந்துகளில் பெரும்பகுதி இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடைப்பட்ட வெளியை நோக்கியே பாய்கிறது. அங்கே தரையோடு வரும் ஒரு பந்தைத் தடுத்து முதல் தளத்துக்கு எறிந்தால், எதிரணிக்கு ஒரு ஹிட் குறைகிறது, நம் பிட்சருக்கு (பந்து வீசுபவருக்கு) ஓர் அவுட் கூடுகிறது. மூன்றாம் தளத்தில் புரூக்ஸ் ராபின்சனும் அவருக்குப் பக்கத்தில் பெலாஞ்சரும் நின்ற 1971இல், மெக்நாலி, குவெல்லர், பால்மர், டாப்சன் என்று ஓரியோல்ஸின் நான்கு பிட்சர்கள் ஆளுக்குக் குறைந்தது 20 வெற்றிகளை எடுத்தார்கள்; புகழ் அவர்களுக்கு, உழைப்பில் ஒரு பங்கு இவருடையது. லீக்கின் மேனேஜர்களும் பயிற்சியாளர்களும் வாக்களித்துத் தந்த, சிறந்த ஃபீல்டருக்கான கோல்டு குளோவ் விருது எட்டு முறை அவருக்குப் போனது. அந்த வாக்குகளில் எதிரணிக்காரர்களுடையவையே அதிகம். ஃபீல்டிங்கின் மதிப்பை ஓட்டங்களாக மாற்றிப் பார்க்கும் இன்றைய கணக்குகளிலும், ஷார்ட்ஸ்டாப்களில் ஓஸி ஸ்மித்தோடு சேர்ந்து முன்வரிசையில் அவர் பெயர்தான் வருகிறது. இத்தனை இருந்தும் கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழ் மண்டபத்துக்கு அவர் தேர்வாகவில்லை. வாக்களித்தவர்களும் உங்களைப் போலவே .228ஐத் தாண்டிப் படிக்கவில்லை போலும்.

வீவர் கண்ணை மூடிக்கொண்டு இருக்கவும் இல்லை. ஆட்டம் இறுகும் நேரத்தில் பெலாஞ்சரின் முறை வந்தால் தயங்காமல் வேறொருவரைப் பேட் செய்ய அனுப்புவார். வயது ஏறிய பெலாஞ்சர் .167இல் தடுமாறிய 1979இல், சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் பெரும்பாலான ஆட்டங்களில் ஷார்ட்ஸ்டாப்பாகக் கிகோ கார்சியாவே தொடங்கினார். எல்லாவற்றையும் விட 1975 செப்டம்பரில் வீவர் செய்த தந்திரத்தைப் பாருங்கள். வெளியூர் ஆட்டங்களில் விருந்தாளி அணியே முதலில் பேட் செய்யும். அத்தகைய சில ஆட்டங்களில் ராய்ல் ஸ்டில்மேன் என்ற அவுட்ஃபீல்டரை ஷார்ட்ஸ்டாப் என்று பட்டியலில் எழுதி முதல் ஆளாகப் பேட் செய்ய வைத்தார். அணி களத்தில் இறங்கும் நேரம் வந்ததும் அவரை உட்கார வைத்துவிட்டு பெலாஞ்சரை அனுப்பினார். பேட்டைப் பிடிக்க விடாமல் ஒருமுறையேனும் மிச்சப்படுத்த நினைத்த அதே மனிதர், அந்த ஆட்டங்களில் ஃபீல்டிங்கில் ஒரு இன்னிங்ஸ்கூட அவரை விட்டுக்கொடுக்கத் துணியவில்லை.