கடலை ப்ளாண்டி உள்ளே களியாவது ஏன்?

கேள்வி (வாசகி, உப்புவெளி): முட்டை, பட்டர் இல்லாமல், அவித்த கடலையை (கொண்டைக்கடலை) அரைத்துப் போட்டு ப்ளாண்டி, அதாவது கொக்கோ போடாத பிரவுனி போன்ற பொன்னிறக் கேக், செய்தேன். மேல் நன்றாகச் சிவந்தது. உள்ளே களி மாதிரி ஒட்டியது, பச்சைக் கடலை வாசமும் அடித்தது. கூட நேரம் வேகவைத்தும் சரிவரவில்லை. எங்கே பிழை?

பதில்: பிழை அவணில் இல்லை, கடலை அவித்த பானையில். சுண்டலுக்கென்றால் கடலை பல்லில் கொஞ்சம் கடிபட வேண்டும். அந்தப் பதத்தில் இறக்கியதை எவ்வளவு அரைத்தாலும் குறுணியாகவே நிற்கும், பச்சை வாசமும் போகாது. ப்ளாண்டிக்கு அவித்த கடலையை இரு விரல்களுக்கு நடுவே நசுக்கினால் கட்டி தட்டாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும்.

120 கிராம் காய்ந்த கடலையை 10 மணித்தியாலம் ஃபிரிஜ்ஜில் ஊறவையுங்கள். நம் திருகோணமலை வெக்கையில் வெளியே வைத்தால் நுரைத்துப் புளித்துவிடும். இரண்டு தரம் தண்ணீர் மாற்றுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் உப்பும் மஞ்சளும் போடாமல், கால் தேக்கரண்டி அப்பச்சோடா மட்டும் சேர்த்து அவியவிடுங்கள். கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் கூடுதலாக இருந்தால் கடலை இளகாமல் இறுகி நிற்கும். அப்பச்சோடா அதை இளக்கும். அளவு மிஞ்சினால் சவர்க்கார ருசி வரும், கவனம்.

அவிந்ததைக் கழுவி, தேய்த்துத் தோல் நீக்கி, துணியில் 20 நிமிடம் பரப்பி உலரவிடுங்கள். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். உள்ளே களியாவதற்கு இந்தத் தண்ணீரும் ஒரு காரணம்.

உலர்ந்த கடலையில் 220 கிராம் நிறுத்து எடுங்கள். அதனுடன் 125 கிராம் கச்சான் (நிலக்கடலை) பட்டர், 120 கிராம் சிவப்புச் சீனி, 3 மேசைக்கரண்டி கட்டித் தேங்காய்ப்பால், 2 தேக்கரண்டி வனிலா, கால் தேக்கரண்டி உப்பு சேர்த்து கிரைண்டரில் மூன்று நான்கு நிமிடம் அரையுங்கள். இடையிடையே நிறுத்தி ஓரத்தை வழித்துவிட வேண்டும். விரலில் தொட்டுத் தேய்த்தால் சொரசொரப்பே தெரியக் கூடாது. பிறகு 4 மேசைக்கரண்டி கோதுமை மா, அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர் போட்டுக் கரண்டியால் கலந்தால் போதும். உப்பைக் குறைக்க வேண்டாம். சிவப்புச் சீனியின் டொஃபி ருசியை எடுத்துக் கொடுப்பது அதுதான்.

கச்சான் பட்டர் வீட்டிலும் செய்யலாம். வறுத்துத் தோல் நீக்கிய கச்சானை எண்ணெய் விடும்வரை அரையுங்கள். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் திரண்டுவிடும்.

சொக்கலேட் துண்டுகளை, அரைத்த கலவையின் சூடு ஆறியபின் போடுங்கள். சூட்டில் போட்டால் உருகி, பொன்னிறம் போய் எல்லாம் மண்ணிறமாகிவிடும். கறுப்புச் சொக்கலேட்டிலும் சிலவற்றில் பால் மா இருக்கும், லேபலைப் பாருங்கள்.

8 அங்குலச் சதுரத் தட்டில் எண்ணெய்த்தாள் விரித்து, 175 பாகை செல்சியஸில் 25 நிமிடம். ஓரம் இறுகி, நடு இலேசாக மெத்தென்று இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். குச்சி குத்திப் பார்ப்பது இதற்குச் சரிவராது, வெந்தபின்னும் ஈரமாகத்தான் வரும். தட்டிலேயே ஒரு மணித்தியாலம் ஆறவிடுங்கள். மாச்சத்து இறுகுவது ஆறும்போதுதான். சூட்டோடு வெட்டிய ப்ளாண்டி எவ்வளவு வெந்திருந்தாலும் களியாகத்தான் தெரியும்.

கேள்வி (வாசகர், மூதூர்): கடலை அவித்த தண்ணீரை முட்டைக்குப் பதிலாக ஊற்றலாமா?

பதில்: அப்பச்சோடா போட்டு அவித்த தண்ணீர் வேண்டாம், கசக்கும். சோடா இல்லாமல் அவித்ததை முட்டை வெள்ளைக் கரு போல வழவழவென்று வரும்வரை வற்றவைத்தால், 3 மேசைக்கரண்டி ஒரு முட்டைக்குச் சமம். கேக்குக்கு அது நன்றாக உதவும். ப்ளாண்டிக்குத் தேவையே இல்லை; பிணைப்பு வேலையைக் கடலையே செய்துவிடும்.

கேள்வி (வாசகி, நிலாவெளி): எத்தனை நாள் வைக்கலாம்? கச்சான் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு என்ன சேர்ப்பது?

பதில்: அவித்த கடலை என்பதால் செய்த அன்றைக்கே ஃபிரிஜ்ஜில் வைத்துவிடுங்கள், மூடிய பெட்டியில் நான்கு நாள் நிற்கும். புளித்த வாசம் வந்தால் வீசிவிடுங்கள். கச்சானுக்குப் பதிலாக, தோல் நீக்கிய வெள்ளை எள்ளை இலேசாக வறுத்து விழுதாக்கிச் சேருங்கள். கறுப்பு எள்ளு கசக்கும். எள்ளும் சில பிள்ளைகளுக்கு ஒவ்வாது, அதனால் முதலில் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எள்ளு விழுது இளக்கமானது. தேங்காய்ப்பாலை 2 மேசைக்கரண்டியாகக் குறைத்துவிடுங்கள்.