எதிர்க் கட்சிக்காரரோடு நட்பாக இருக்க முடியுமா?

முடியும். கொள்கையோடு மோதுவது வேறு, ஆளோடு மோதுவது வேறு என்று பிரித்துப் பழகுவதைத்தான் கருத்து வேறுபாட்டோடு இணங்கிப் போவது என்கிறோம்.

இது ஏன் கஷ்டமாக இருக்கிறது? அரசியல் நிலைப்பாடு வெறும் தர்க்கத்தில் வருவதில்லை. பிறந்த வீடு, சாதி, பட்ட அவமானம், அப்பா போட்ட ஓட்டு எல்லாம் அதில் கலந்திருக்கும். அதனால் "உங்க கட்சி தப்பு" என்றால், கேட்பவர் காதில் "நீ தப்பு" என்றே விழும். வரப்புத் தகராறு கோர்ட்டில் நடக்கும்போதே பங்காளி வீட்டுக் கல்யாணப் பந்தியில் உட்காருகிறோமே, அந்தப் பக்குவம்தான் இங்கேயும் வேண்டும்.

பெரியாரும் ராஜாஜியும் இதற்கு நல்ல உதாரணம். ஒருவர் கடவுள் மறுப்பாளர், மற்றவர் ராமாயணம் எழுதியவர். 1949-ல் தன் திருமண விஷயமாகப் பெரியார் திருவண்ணாமலைக்குப் போய் ஆலோசனை கேட்டது ராஜாஜியிடம்தான். 1967 தேர்தலில் ராஜாஜி தி.மு.க. அணியில் இருந்தார், பெரியாரோ காமராஜர் பக்கம். (இன்றைக்கு இதற்கே வாட்ஸ்அப் குழுவிலிருந்து தூக்கிவிடுவார்கள்.) 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது, தொண்ணூறு வயதைத் தாண்டிய பெரியார் சக்கர நாற்காலியில் மயானத்துக்கு வந்து அழுதார்.

நட்பு என்றால் விட்டுக்கொடுத்துவிட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை: பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில் படித்து, மீதி நேரம் அப்பா தொழிலைக் கற்க வேண்டும் என்று ராஜாஜி 1953-ல் கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் 'குலக்கல்வி' என்று சொல்லி, அடுத்த ஆண்டு அவர் முதல்வர் பதவியிலிருந்து இறங்கும்வரை பெரியார் விடாமல் எதிர்த்தார்.