ஸ்வாப்ஆஃப்: கடைசி ஆள் வெளியேறும்வரை – கேள்வி பதில்

லினக்ஸ் கர்னலின் ஸ்வாப் பகுதியில் (ராமில் இடம் போதாதபோது பக்கங்களை டிஸ்கில் வைக்கும் பகுதி) மெமரி ஆர்டரிங் (ஒரு சிபியூ எழுதியது மற்றவற்றுக்கு எந்த வரிசையில் தெரியும் என்பது) பற்றியும், ஸ்வாப்ஆஃப், அதாவது ஒரு ஸ்வாப் சாதனத்தை நிறுத்தும் வேலை, செய்யும்போது நடக்கும் துப்புரவு பற்றியும் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சிலவற்றுக்குப் பதில்.

கேள்வி: ஸ்வாப்ஆன் செய்யும்போது புதிய ஸ்ட்ரக்சரின் பாயின்டரை அரேயில் வைக்க ஸ்டோர்-ரிலீஸ் எதற்கு? சாதாரணமாக எழுதினால் போதாதா?

போதாது. கர்னல் முதலில் ஸ்வாப் சாதனத்தின் விவரங்களுக்கான ஸ்ட்ரக்சரை ஒதுக்கி, அதில் டைப் எண்ணை (அரேயில் அதன் இட எண்) நிரப்புகிறது. அப்புறம்தான் பாயின்டரை அரேயில் வைக்கிறது. ஆனால் நாம் எழுதிய வரிசையிலேயே அடுத்த சிபியூவுக்கும் தெரியும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஆர்ம்64 சிபியூவில் பாயின்டர் முதலில் தெரிந்து, டைப் இன்னும் பூஜ்யமாகவே தெரியலாம். ரிலீஸ் போட்டால், அதற்கு முன் எழுதியதெல்லாம் தெரிந்த பிறகே பாயின்டர் தெரியும்.

படிக்கும் பக்கம் லாக் எடுக்காமல், வெறும் ரீட்-ஒன்ஸ் (கம்பைலர் கலைக்காமல் ஒரே முறை படிக்கச் செய்யும் மேக்ரோ) போட்டுத்தான் பாயின்டரை எடுக்கிறது. பாயின்டர் கையில் இல்லாமல் உள்ளே போக வழியில்லை என்பதால் அந்தச் சார்பே வரிசையைக் காப்பாற்றுகிறது. அதையும் மதிக்காத பிரகிருதி டெக் ஆல்ஃபா என்ற பழைய சிபியூ. அதற்காகவே கர்னல் 4.15 முதல் ஆல்ஃபாவின் ரீட்-ஒன்ஸுக்குள் ஒரு பேரியரை (முன்பின் வரிசை மாறாமல் தடுக்கும் வேலி) வைத்துவிட்டார்கள்.

பேரியரைப் பார்த்தால் முதலில் ஒன்று கேளுங்கள்: இதன் ஜோடி (எழுதும் பக்கம் ஒன்று என்றால், படிக்கும் பக்கம் அதற்கு இணையானது) எங்கே? ஜோடியைக் காட்ட முடியாவிட்டால் அது ஒன்று பிழை, இல்லாவிட்டால் அலங்காரம்.

கேள்வி: எக்ஸ்86-இல் எல்லாம் வரிசையாகத்தானே நடக்கும்?

எல்லாம் இல்லை. ஓர் இடத்தில் எழுதிவிட்டு வேறோர் இடத்தைப் படித்தால், படிப்பது முந்திக்கொள்ளலாம். தவிர, கம்பைலர் என்றொருவர் இருக்கிறார். எக்ஸ்86-இல் சிபியூக்களுக்கிடையிலான கர்னலின் எழுத்துப் பேரியர் எந்த இன்ஸ்ட்ரக்ஷனையும் போடுவதில்லை. கம்பைலரைத் தடுப்பது மட்டும்தான் அதன் வேலை. அந்த வேலையும் வேண்டியதே.

கேள்வி: வாலடைல் (ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்தே படி என்று கம்பைலருக்குச் சொல்லும் சி மொழிச் சொல்) போட்டால் சரியாகிவிடுமா?

ஆகாது. ஏன் கூடாது என்று கர்னல் ஆவணங்களில் தனிக் கட்டுரையே இருக்கிறது.

கேள்வி: 8 ஜிபி ராம் இருக்கிறது, ஸ்வாப் எவ்வளவு வைக்கலாம்?

இது வேறு ஆளிடம் கேட்க வேண்டியது.

கேள்வி: ஒரு சிபியூ ஸ்வாப்பிலிருந்து பக்கத்தைப் படிக்கும்போதே இன்னொன்று ஸ்வாப்ஆஃப் செய்தால்?

இதற்காகத்தான் காத்திருந்தேன். இப்படி விழ உண்மையிலேயே வழி இருந்தது. பேஜ் ஃபால்ட் வந்த (கேட்ட பக்கம் ராமில் இல்லாத) சிபியூ, ஸ்வாப் கேஷை (ஸ்வாப் பக்கங்களுக்கு ராமில் இருக்கும் கிடங்கு) தவிர்த்து நேராகப் படிக்கப் போகிறது (வேகமான சாதனங்களுக்கு அப்போது அப்படி ஒரு குறுக்குவழி இருந்தது). அது சாதனத்தின் ஃபைல் பாயின்டரைத் தொடுவதற்குள் ஸ்வாப்ஆஃப் அதை நல் (வெற்றுப் பாயின்டர்) ஆக்கிவிடுகிறது. அடுத்த வரியில் ஊப்ஸ், அதாவது கர்னலே தடுக்கி விழுகிறது. 2021-இல், 5.14-இல் இதை அடைத்தார்கள்.

இப்போதைய வரிசை இப்படி. முதலில் எழுதும் அனுமதிக் கொடி இறங்குகிறது, இனிப் புதிய ஸ்லாட் யாருக்கும் கிடைக்காது. வெளியே இருக்கும் பக்கங்கள் ராமுக்குத் திரும்புகின்றன. பிறகு பெர்-சிபியூ ரெஃப் (சாதனத்தை இப்போது பயன்படுத்துபவர்களின் எண்ணிக்கை) கொல்லப்படுகிறது, அதன்பின் உள்ளே நுழையக் கேட்பவருக்கு இல்லை என்றே பதில். ஏற்கெனவே நுழைந்தவர் எல்லாரும் வெளியேறும்வரை ஸ்வாப்ஆஃப் காத்திருக்கிறது. அதற்கப்புறம்தான் ஸ்வாப் மேப் (ஸ்லாட்களின் கணக்கு) போன்றவை விடுவிக்கப்படுகின்றன. எல்லாம் முடிந்தபின் கடைசியாக 'உபயோகத்தில்' என்ற கொடி அழிகிறது. அதை முன்னாலேயே அழித்தால் அடுத்த ஸ்வாப்ஆன் அதே ஸ்ட்ரக்சரை எடுத்துக்கொண்டு பாதி இடிந்த வீட்டில் குடியேறிவிடும்.

கேள்வி: ரெஃபரன்ஸ் எண்ணிக்கை எதற்கு? ஆர்.சி.யூ. (லாக் இல்லாமல் படிப்பவர்கள் முடிக்கும்வரை, விடுவிப்பவர் காத்திருக்கும் முறை) மட்டும் போதுமே. 2019-இல் அப்படித்தானே செய்தார்கள்?

செய்தார்கள். ஆனால் ஆர்.சி.யூ. படிப்புப் பகுதிக்குள் தூங்கக் கூடாது. டிஸ்கிலிருந்து ஒரு பக்கம் வரும்வரை தூங்காமல் எப்படி இருப்பது?

அதே நபர்: அப்படியென்றால் ரெஃப் மட்டும் போதும். காத்திருப்பதற்கு முன் சின்க்ரனைஸ் ஆர்.சி.யூ. என்று ஒரு வரி இருக்கிறதே, அது வீண்தானே?

வீண் இல்லை. ரெஃப் எடுக்காமல், ஸ்பின்லாக்கை (தூங்காமல் காத்திருந்து எடுக்கும் லாக்) மட்டும் பிடித்துக்கொண்டு ஸ்வாப் கேஷைத் தொடும் பாதைகள் இருக்கின்றன. அவர்களை ரெஃப் எண்ணிக்கை அறியாது. ஸ்பின்லாக் பிடித்திருப்பவரையும் சேர்த்துக் காத்திருக்கும் என்பதால்தான் அந்த வரி. தூங்குபவரை ரெஃப் பார்த்துக்கொள்கிறது, தூங்காதவரை ஆர்.சி.யூ. பார்த்துக்கொள்கிறது. அந்த வரியை எடுத்துவிட்டு பேட்ச் அனுப்ப நினைத்தால், கோடில் அதற்கு மேலே இருக்கும் கமென்டை ஒருமுறை படித்துவிடுங்கள்.

இன்னொருவர் குறுக்கிட்டு: இருவருக்கும் ஏன் சண்டை? ரெஃப் எடுத்தால் வரிசையும் தானாக வந்துவிடும்.

வராது! ரெஃப் எடுப்பது அக்வயர் (பின்னால் வரும் படிப்புகள் முந்தாமல் தடுப்பது) அல்ல. ரெஃப் எடுக்கும் ஃபங்ஷனான கெட்-ஸ்வாப்-டிவைஸைத் திறந்து பாருங்கள்: ரெஃப் கிடைத்த உடனே ஒரு ரீட் பேரியர் நிற்கிறது. அது இல்லாவிட்டால் சாதனத்தின் அளவு போன்றவற்றை ரெஃப் சோதனைக்கு முன்பே படித்துவிட்டு, பழைய மதிப்போடு ஓட வாய்ப்பு. அதன் ஜோடி, சாதனத்தை அமைத்து முடித்தபின் வரும் ஸ்பின்-அன்லாக். கமென்டில் ஜோடியின் பெயரையே எழுதியிருக்கிறார்கள். எல்லாரும் இப்படி எழுதினால் எனக்கு வேலை பாதியாகும்.

கேள்வி: ஸ்வாப்ஆஃப் முடிந்ததும் ஸ்ட்ரக்சரையும் விடுவித்துவிடலாமே?

விடுவிப்பதில்லை. ப்ராக் ஸ்வாப்ஸ் (இயங்கும் ஸ்வாப்களின் பட்டியல்) கோப்பைப் படிப்பவர் அப்போதே அந்த ஸ்ட்ரக்சரின் டைப் எண்ணை நம்பி அடுத்ததற்கு நகர்ந்துகொண்டிருக்கலாம். மறுபடி பயன்படுத்தும்போதுகூட அதை மெம்செட் செய்யக் (முழுதாகத் துடைத்து நிரப்பக்) கூடாது என்று கோடிலேயே எச்சரிக்கை உண்டு. அரேயில் மொத்தம் முப்பத்திரண்டுக்கும் குறைவான இடம்தான், பெரிய நஷ்டமில்லை.

கேள்வி: சந்தேகமாக இருந்தால் எல்லா இடத்திலும் முழு பேரியர் போட்டுவிடலாமா?

ஜோடி எங்கே?

கேள்வி: என் எக்ஸ்86 லேப்டாப்பில் பல மணிநேரம் ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லையே?

மேலே இரண்டாவது பதில்.

கேள்வி: இந்தப் பிழைகளை எப்படிச் சோதிப்பது?

கேசிசான் (டேட்டா ரேஸ்களைப் பிடிக்கும் கர்னல் கருவி) போட்டு கர்னலைக் கட்டுங்கள், 5.8 முதல் இருக்கிறது. ஒரு லூப்பில் ஸ்வாப்ஆன், ஸ்வாப்ஆஃப். பக்கத்தில் நினைவகத்தை நெருக்கும் ஒரு புரோகிராம். முடிந்தால் ஆர்ம்64 பெட்டியில். பேரியர் தர்க்கத்தை மட்டும் பார்க்க வேண்டுமென்றால், அந்த நாலு வரியைத் தனியாக எடுத்து லிட்மஸ் டெஸ்டாக (எந்த வரிசைகள் சாத்தியம் என்று கேட்கும் குட்டி நிரல்) எழுதி, அதைச் சோதிக்கும் ஹெர்டு7 கருவியில் ஓட்டுங்கள். கர்னலின் மெமரி மாடல் டூல்ஸ் டைரக்டரியிலேயே இருக்கிறது, உதாரணங்களோடு.